பேராசிரியருக்குப் பட்டறையைத் திறந்து காட்டலாமா?

கேள்வி: கோவையிலிருந்து வந்து, பெங்களூரு பீன்யாவில் 18 வருடமாக சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) பட்டறை நடத்துகிறேன். விமானப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க். டைட்டானியம் வந்தால் இன்சர்ட் (உலோகத்தை வெட்டும் மாற்று முனை) சீக்கிரம் தேய்ந்து கையைக் கடிக்கிறது. மகன் படித்த கல்லூரியின் பேராசிரியர், "அரசுத் திட்டத்தில் நிதி வாங்கிச் சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம், எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போடுவோம்" என்கிறார். மகன் துள்ளுகிறான். எனக்கோ தொழில் ரகசியம் போய்விடுமோ என்று பயம்.
- பெயர் வேண்டாம், பீன்யா

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ரகசியம் திருட்டில் போகாது, கட்டுரையில் போகும். பேராசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும். பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அது அச்சில் வந்துவிட்டால், 'புதுமை' என்று நீங்கள் உரிமை கோருவது கஷ்டம். அதனால் எதை வெளியிடுவதானாலும் முதலில் உங்களிடம் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பது போன்ற கைப்பழக்கத்தை எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

நான் அதிகம் யோசிப்பது நேரத்தைப் பற்றி. உங்களுக்கு வெள்ளிக்கிழமை டெலிவரி. அவருக்கு செமஸ்டர். சோதனை செய்யும் எம்.டெக். மாணவர் இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கிக் கிளம்பிவிடுவார், கற்றதும் அவரோடு போகும். அவர் போகும்போது நோட்டும் அளவுகளும் யார் கையில் இருக்கும் என்று இப்போதே கேளுங்கள். எம்ஓயு விஷயம் வேறு. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் எம்ஓயுக்களும் கணக்கில் வரும், அவர்கள் அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

தொழில், அரசு, கல்வி நிறுவனம் என்ற இந்த மூவர் கூட்டு பெங்களூருக்குப் பழக்கமானதுதான். டாடாவின் நன்கொடை, மைசூர் அரசின் நிலம், பிரிட்டிஷ் இந்திய அரசின் ஒப்புதல் எல்லாம் சேர்ந்துதான் 1909-இல் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) உருவானது. 1940-இல் விமானம் தயாரிக்கும் ஹெச்ஏஎல் வந்தது, இரண்டே வருடத்தில் ஐஐஎஸ்சியில் விமானப் பொறியியல் துறை தொடங்கியது. விமானத் தொழிலுக்கு ஆள் வேண்டியிருந்தது, அதைச் சொல்லித் தர ஒரு துறை வந்தது. உங்களுக்கும் அப்படித்தான். தேய்மானம் என்ற தலைவலி உங்களுடையது. டைட்டானியத்தில் சூடு வெட்டி விழும் சில்லோடு (சிப்) வெளியேறாமல் வெட்டும் முனையிலேயே தங்கிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த ஒன்றை மட்டும், ஒரே பாகத்தில், கொடுங்கள்.

அரசு நிதி என்றால் முழுவதும் இலவசம் என்று மகன் நினைத்திருந்தால் திருத்துங்கள். 2015 வாக்கில் ஐஐடிகளை மையமாக வைத்து வந்த உச்சதர் ஆவிஷ்கார் யோஜனா என்ற மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டத்திலேயே தொழில் தரப்பு 25 சதவீதம் போட வேண்டியிருந்தது. உங்கள் பங்கு எவ்வளவு, பணமாகவா, இல்லை மெஷின் நேரத்தையும் கணக்கில் எடுப்பார்களா? இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்று. துமகூரு ரோட்டில், உங்களுக்குப் பக்கத்திலேயே, 1962-இல் தொடங்கிய சிஎம்டிஐ இருக்கிறது. உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனம். இத்தனை வருடத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்தீர்களா? போய் விசாரியுங்கள்.

அதற்குள் மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் எந்த இன்சர்ட் எத்தனை பீஸுக்கு ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். பேராசிரியர் அடுத்த முறை வரும்போது எம்ஓயு தாளுக்குப் பதில் அந்த நோட்டை மேசையில் வையுங்கள்.