கடையை லீஸோடு விற்ற பிறகும் வாடகைப் பாக்கியை என்னிடம் கேட்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக: லண்டனில் லீஸில் எடுத்து நடத்திய மளிகைக் கடையை, கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கி, வேறொருவருக்கு லீஸோடு விற்றுவிட்டார். வாங்கியவர் போன மார்ச்சிலிருந்து வாடகை கட்டவில்லை. இந்தப் பிப்ரவரியில் 24,000 பவுண்டு கேட்டு இவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. '1995ஆம் ஆண்டுச் சட்டம் இப்படித் துரத்துவதை நிறுத்திவிட்டது என்றார்களே?' என்கிறார்.

அந்தச் சட்டம் (Landlord and Tenant (Covenants) Act 1995) நிறுத்தியது உண்மைதான். ஆனால் பாதிதான்.

கடை லீஸ் பார்க்கும் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இந்த மாதிரிக் கடிதத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'சம்மதப் பத்திரத்தோடு வேறு என்னென்ன கையெழுத்துப் போட்டீர்கள்?' என்றுதான். பலருக்கு நினைவிருக்காது. சாவி கொடுக்கிற அவசரத்தில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தப் பத்திரக் கட்டுக்குள் ஏ.ஜி.ஏ. (Authorised Guarantee Agreement, அதாவது உத்தரவாத ஒப்பந்தம்) என்று ஒன்று இருந்தால், வாங்கியவருக்கு நீங்கள் ஜாமீன் நின்றிருக்கிறீர்கள்.

1996 ஜனவரி 1க்கு முன் எழுதிய லீஸ்களில் நிலைமை இன்னும் மோசம். முதல் வாடகைதாரர் லீஸ் காலம் முழுவதற்கும் வாக்குக் கொடுத்தவர். கடை எத்தனை கை மாறினாலும் அந்த வாக்கிலிருந்து அவருக்கு விடுதலை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த மந்தத்தில் கடைகள் வரிசையாக மூடப்பட்டபோது, எப்போதோ விற்றுவிட்டு ஓய்வில் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் பாக்கிக் கடிதம் போனது. 25 வருட லீஸ், ஏறுமுகமாக மட்டுமே திருத்தப்படும் வாடகை. தான் கொடுத்த வாடகையைவிடப் பல மடங்கை, முகம் தெரியாத ஒருவருக்காகக் கட்ட வேண்டிய நிலை. இது சரியில்லை என்று இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 1988லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஏழு வருடம் கழித்து ஒரு எம்.பி.யின் தனிநபர் மசோதாவாக அது நிறைவேறியது. அதுவும் உரிமையாளர்கள் தரப்பும் சில்லறை வணிகர்கள் தரப்பும் பேரம் பேசி முடித்த பிறகுதான். அந்தப் பேரத்தில் உரிமையாளர்களுக்குக் கிடைத்ததுதான் ஏ.ஜி.ஏ.

இந்தச் சட்டப்படி, 1996 ஜனவரி 1 முதல் எழுதிய லீஸ்களில், சம்மதத்தோடு லீஸை மாற்றிக் கொடுத்த அன்றே உங்கள் பொறுப்பு போய்விடும். ஆனால் சம்மதம் கொடுக்க நிபந்தனையாக, அடுத்து வருகிறவருக்கு உத்தரவாதம் கேட்க உரிமையாளருக்கு இடம் இருக்கிறது. லீஸிலேயே அந்த நிபந்தனையை எழுதி வைத்திருந்தால் தட்டிக் கழிக்க முடியாது. எழுதவில்லை என்றால், கேட்பது நியாயமாக இருக்க வேண்டும். ஒரே ஆறுதல், இது ஒரு கை மாற்றத்துக்கு மட்டும்தான். உங்களிடம் வாங்கியவர் அதை முறைப்படி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் ஜாமீன் அத்தோடு முடிந்தது.

இத்தனை சிக்கல் தேவையா என்று எனக்குத் தோன்றும். அயர்லாந்தில் 1860ஆம் ஆண்டுச் சட்டமே, உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் பழைய வாடகைதாரர் அதற்குப் பிறகு வரும் பாக்கிகளிலிருந்து விடுபட்டார் என்று ஒரே பிரிவில் சொல்லி முடித்துவிட்டது. (ஊரில் கடையை மாற்றிவிட்டவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் 108ஆவது பிரிவும், மாற்றிக் கொடுத்ததால் மட்டுமே குத்தகைதாரரின் பொறுப்பு நீங்காது என்றுதான் சொல்கிறது.)

சரி, உங்கள் நோட்டீஸுக்கு வருவோம். பார்த்ததும் பயந்து செக் எழுதிவிடாதீர்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வாடகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அதற்கென்று உள்ள படிவத்தில் உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்தத் தொகையை உங்களிடம் கேட்கவே முடியாது. 1996க்கு முந்தைய லீஸ்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. காலாண்டுக்கு 6,000 என்றால் மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று நான்கு தவணை. முதல் இரண்டுக்கும் கெடு போன வருடமே முடிந்துவிட்டது. ஆக, முன்பே ஏதும் நோட்டீஸ் வந்திருக்காத பட்சத்தில், ஏ.ஜி.ஏ. இருந்தாலும் 12,000தான். உங்கள் லீஸ் 1996 ஜனவரி 1 முதல் எழுதியதாக இருந்து, ஏ.ஜி.ஏ.வும் இல்லையென்றால் அதுவும் இல்லை. இந்தக் கெடுவைத் தவறவிடுகிற உரிமையாளர்கள் நிறையப் பேர். மொத்தத் தொகையையும் ஒரே கடிதத்தில் போட்டு அனுப்பிப் பார்ப்பார்கள்.

கேட்கத் தகுந்த தொகை முழுவதையும் கட்டிவிட்டால், 19ஆவது பிரிவு உங்களுக்கு ஒன்று தருகிறது. கட்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எழுதிக் கேட்டால், உரிமையாளருக்கும் இப்போதைய கடைக்காரருக்கும் நடுவில் ஒரு மேல் லீஸ் கிடைக்கும். அப்புறம் அவருக்கு உரிமையாளர் நீங்கள்தான். லீஸ் விதிகளின்படி அவரை வெளியேற்றிவிட்டு வேறு ஆளைப் பிடிக்கலாம். வெறுமனே அடுத்தவர் பாக்கியைக் கட்டிக்கொண்டே இருப்பதைவிட இது மேல். ஆனால் உரிமையாளருக்குக் கட்ட வேண்டிய வாடகையும் உங்கள் தலையில் விழும் என்பதால், அந்தத் தெருவில் கடைக்கு ஆள் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

சட்டத்தில் எதைத் திருத்தலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏ.ஜி.ஏ.வை ஒழிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உடனே திருத்த வேண்டியது வேறு. நம்மவர் கடைகளில் கம்பெனி பெயரில் லீஸ், அண்ணனோ தம்பியோ ஜாமீன் என்பது சர்வசாதாரணம். கம்பெனி நொடித்தால் ஜாமீன்தாரரே கடையை எடுத்து நடத்துவதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அது முடியாது! எச்.எம்.வி. இசைக்கடை லீஸ் ஒன்றை அதன் ஜாமீன்தாரரான இ.எம்.ஐ. இசை நிறுவனத்துக்கு மாற்றிய வழக்கில், அந்த மாற்றமே செல்லாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றத்தோடு ஜாமீன்தாரரும் விடுபட வேண்டும், விடுபட்ட அதே நொடியில் வாடகைதாரராக அதே பொறுப்பை ஏற்க முடியாது என்பது வாதம். உரிமையாளருக்குச் சம்மதம், கம்பெனிக்குச் சம்மதம், தம்பிக்கும் சம்மதம். ஆனாலும், வாடகைதாரரைக் காப்பாற்ற எழுதிய 25ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஜாமீன்தாரர் தானே விரும்பி எடுத்தால் செல்லும் என்று அங்கே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்போதைக்கு அந்தக் கையெழுத்துக் கட்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் ஏ.ஜி.ஏ.வின் நகலை உரிமையாளரின் சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை பாக்கி உங்களுடையது என்று ஃபோனில்கூட ஒப்புக்கொள்ள வேண்டாம்.