வீட்டுக்கு வரும் தாதி எதைச் செய்வார், எது நம் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், லிந்தாங், ஜாலோங் பக்கமிருந்து வந்த கடிதங்களில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பற்றியவற்றை இம்மாதம் எடுத்துக்கொண்டோம். பதில் தந்தவர்கள் வீட்டுப் பராமரிப்புப் பணியில் உள்ள தாதியரும் இயன்மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்).

அப்பாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூக்கில் பால் குழாய், கீழே சிறுநீர்க் குழாய், இரண்டோடும் அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். வீட்டில் நானும் அண்ணியும்தான். தனியார் தாதி வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எப்படித் தேடுவது?
– மகள், சுங்கை சிப்புட்

தாதியைத் தேடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை வார்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று கேள்வி கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். இது எதற்காகப் போட்டது? எத்தனை நாளைக்கு? மாற்றப்போவது யார், எங்கே?

சிறுநீர்க் குழாய் பல நேரம் வார்டில் ஓர் அவசரத்துக்காகப் போட்டு, அப்படியே தங்கிவிட்டதாக இருக்கும். எடுத்துவிட்டு, சிறுநீர் தானாகப் போகிறதா என்று பார்த்த பிறகு அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. எடுக்க முடியாது என்று சொன்னால், குழாயின் அளவு, லேட்டெக்ஸா சிலிக்கோனா, குழாயை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனில் எத்தனை மில்லி நீர், போட்ட தேதி ஆகிய நான்கும் தாளில் இருக்கட்டும். லேட்டெக்ஸ் வகையை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். முழு சிலிக்கோன் 12 வாரம் வரை தாங்கும். இந்த ஒரு வரி தாளில் இல்லாமல், குழாய் அடைத்த பிறகு நள்ளிரவில் கார் தேடும் குடும்பங்கள் அநேகம்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே அரசாங்கத்தின் வீட்டுச் சேவைக்குப் பரிந்துரை கேளுங்கள். ‘பெராவாத்தான் டோமிசிலியாரி’ என்று சொன்னால் புரியும். 2014 முதல் சுகாதார கிளினிக்குகள் வழியாக நடக்கிறது. தாதியும் இயன்மருத்துவரும், தேவைப்பட்டால் டாக்டரும் வீட்டுக்கு வருவார்கள். நோயாளியின் நிலை சீராக இருக்க வேண்டும், வீட்டில் பொறுப்பெடுக்க ஒருவர் வேண்டும், வீடு கிளினிக்கின் எல்லைக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக மூன்று மாத அளவுக்குத்தான். அந்த மூன்று மாதமும் உங்களுக்கும் அண்ணிக்கும் கைப்பழக்கம் வரவேண்டும் என்பதற்காகவே. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர், தொழிலாளர் லயத்துக்கே வந்து பார்த்த காலம் போய்விட்டது. அதற்கு நெருக்கமாக இன்று இருப்பது இதுதான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

இனி தனியார் சேவை. தாதி வேறு, பராமரிப்பாளர் வேறு. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, பால் கொடுப்பது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் செய்யலாம். குழாய் மாற்றுவதும் ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் பதிவு பெற்ற தாதியின் வேலை. மலேசியத் தாதியர் வாரியமான லெம்பாகா ஜூருராவாட்டில் பதிவு இருந்தால் மட்டும் போதாது, பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடத்துச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான தாதி கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘ஒரு வருகைக்கு இவ்வளவு’ என்று மட்டும் சொல்லும் விலையை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம். ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வருகிறார்கள். பயணக் கட்டணம் தனியா? குழாய், கையுறை, கட்டுத் துணி யார் வாங்குவது? ஞாயிறும் பெருநாளும் கூடுதலா? வரவேண்டியவர் வராவிட்டால் மாற்று ஆள் யார்? இவற்றை வாட்சாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் அபிப்பிராயம் இது: தினம் 12 மணி நேரம் தாதி வைத்துச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை வரவழையுங்கள். அவர் செய்வதை நீங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. நீங்கள் செய்ய, அவர் பார்த்துத் திருத்த வேண்டும். அதன் பிறகு குழாய் மாற்றும் நாளுக்கும் புண் பார்க்கும் நாளுக்கும் மட்டும் வந்தால் போதும்.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் தோல் கறுத்துவருகிறது. காற்று மெத்தை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பவுடர் போடுகிறோம். ஏன் குறையவில்லை?
– லிந்தாங் வாசகர்

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்த இடத்தில் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சதை நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. நசுங்கிய சதையைத் தேய்த்தால் உள்ளுக்குள் இன்னும் கிழியும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து உருண்டு, மணல்போல் உராயும்.

விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் என்று பாடத்தில் இருக்கும். நம்மவர்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அது சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா? கெட்டியாகவோ, சேற்றைத் தொடுவதுபோல் மெத்தென்றோ இருக்கிறதா? கத்தரிப்பூ நிறம் தெரிகிறதா? அப்படியானால் தோல் கிழியாமல் இருந்தாலும் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. தாதியிடம் உடனே காட்டுங்கள்.

அடுத்தது மெத்தை. காற்று மெத்தை வாங்கியவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இவைதான். பம்பில் எடைக்கு ஏற்ற அளவு வைக்காமல் ‘ஹார்ட்’ பக்கம் முழுக்கத் திருப்பி வைப்பார்கள், மெத்தை பலகையாகிவிடும். அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் மடித்த போர்வை, அதன் மேல் ஒரு சாரோங் என்று போடுவார்கள். காற்று ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டாது. ஒரே ஒரு துணி விரிப்பு, அதுவும் தளர்வாக, போதும்.

ஒரு சோதனை செய்யுங்கள். அம்மா மல்லாந்து படுத்திருக்கும்போது, காற்று மெத்தைக்கும் அடியிலுள்ள சாதா மெத்தைக்கும் நடுவே, இடுப்பெலும்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். உங்கள் கைக்கும் அம்மாவின் எலும்புக்கும் இடையே சுமார் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் அம்மா அடி மெத்தையில்தான் படுத்திருக்கிறார். காற்றுக் குழாய் கட்டில் காலில் மடங்கியிருக்கிறதா, இணைப்பில் கசிகிறதா என்று பாருங்கள். மின்சாரம் போனாலும் இதே கதிதான்.

மெத்தை சரியாக வேலை செய்தாலும் திருப்பிப் போடுவதை விடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், வலம் என்று மாற்றுங்கள். புண் உள்ள பக்கம் மெத்தையில் படக்கூடாது. முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் தொடையெலும்பு முனையில் புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்துக் குதிகால் இரண்டும் அந்தரத்தில் நிற்கச் செய்யுங்கள். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். விளிம்பு அழுத்தி, நடுவில் இரத்தம் வராமல் போகும். மேலே இழுக்கும்போது கக்கத்தைப் பிடித்து இழுக்காமல், இருவர் விரிப்போடு தூக்குங்கள்.

தோல் கிழிந்துவிட்டால் மஞ்சள் பொடியும் வேண்டாம், மஞ்சள் லோஷனும் வேண்டாம். இரண்டும் புண்ணின் உண்மை நிறத்தை மறைக்கும். நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) விட்டுக் கழுவி, தாதி சொன்ன கட்டைப் போடுங்கள். நாற்றம், காய்ச்சல், சீழ், எலும்பு தெரிவது, இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு குறைந்தால் எந்த மெத்தையும் புண்ணை ஆற்றாது.

மூக்குக் குழாயில் டின் பால் (டின்னில் வரும் சத்துப் பவுடரைக் கலக்கிய பால்) மட்டும் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. கஞ்சி அரைத்துக் கொடுத்தால் குழாய் அடைத்துக்கொள்கிறது. வழி உண்டா?
– ஜாலோங் வாசகி

அடைப்பைவிட ஆபத்தான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு வேளையும் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டும் விடக்கூடாது. மூக்கு ஓரத்தில் குழாயில் தெரியும் சென்டிமீட்டர் எண் மாறியிருக்கக் கூடாது. ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் கொடுக்கலாம். காற்றை அடித்து வயிற்றில் காது வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்பாதீர்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். சந்தேகம் வந்தால் அந்த வேளையை நிறுத்திவிட்டுத் தாதியைக் கூப்பிடுங்கள்.

கஞ்சி ஆற ஆற இறுகும். ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத உள்வட்டத்தில் அது நிற்கத்தான் செய்யும். தண்ணீர் சேர்த்து இளக்கினால் குழாயில் இறங்கும், ஆனால் சத்து பாதியாகிவிடும். வயிறு நிறைந்தும் ஆள் மெலிவார். அதனால் கஞ்சியை முழு உணவாக்க வேண்டாம். எந்த வேளைக்கு எது, எவ்வளவு என்று கிளினிக்கின் உணவியலாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். டின் பாலிலும் கரண்டிக் கணக்கைக் குறைத்துக் கலப்பது இதே நஷ்டம்தான்.

கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயரட்டும். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. 200 முதல் 300 மில்லி பால் 20, 30 நிமிடத்தில் தானாக இறங்க வேண்டும், தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் விடுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்க முடியாது. மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே அடியில் இறங்கும். மருந்தாளரிடம் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

பாட்டியின் சிறுநீர்ப் பை ஊதா நிறமாகிவிட்டது. ஏதும் விஷமா?
– பேரன், சுங்கை சிப்புட்

விஷமில்லை. மலச்சிக்கலோடு நெடுநாள் குழாயும் இருக்கும் பெண்களிடம் இது வரும். சிறுநீரில் உள்ள சில கிருமிகள் நீல, சிவப்புச் சாயங்களை உண்டாக்கி, பிளாஸ்டிக் பையில் ஏற்றிவிடுகின்றன. நிறம் பயமுறுத்துகிறதே தவிர, கிருமி இருக்கிறது என்பதுதான் செய்தி. கிளினிக்கில் காட்டிக் குழாயையும் பையையும் மாற்றுங்கள், மலச்சிக்கலைத் தீர்க்கப் பாருங்கள். காய்ச்சல், நடுக்கம், திடீர்ப் பிதற்றல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படாமல்.

வீட்டில் இந்தோனேசியப் பணிப்பெண் இருக்கிறார். மாமனாருக்கு அவரே இன்சுலின் போடலாமா?
– மருமகள், சுங்கை சிப்புட்

அளவைத் திருகி வைப்பதும் ஊசி போடுவதும் வீட்டு ஆள் ஒருவர் பொறுப்பில் இருப்பதே நல்லது. பணிப்பெண்ணுக்குச் சர்க்கரை அளக்கவும், தாழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் கண்டிப்பாகக் கற்றுக்கொடுங்கள். ஏனென்றால் பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். 4.0க்குக் கீழே காட்டினால் அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து அவசர எண் 999. அவர் மொழியில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமாவதுதான் தாழ்வதற்கு வழக்கமான காரணம்.

தகரக் கூரை வீட்டில் மத்தியான வெயில் இன்சுலினைக் கெடுக்கும். திறக்காத இன்சுலின் பேனா பிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கட்டும், பிரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம். திறந்த பேனாவைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் உள்ள தாளையும் பாருங்கள். திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழுந்திருந்தால் அங்கே போட வேண்டாம். மருந்து ஒழுங்காக ஏறாது.

இந்தச் செலவுக்கெல்லாம் உதவி எங்கே கிடைக்கும்?
– பலர்

படுக்கையில் கிடப்பவரை முழு நேரம் பார்த்துக்கொள்பவருக்குச் சமூகநல இலாகா மாத உதவி தருகிறது. 2021 பட்ஜெட்டில் அது 350 வெள்ளியிலிருந்து 500 ஆக உயர்ந்தது. குடும்ப வருமானம் பார்த்துத்தான் கொடுப்பார்கள், டாக்டர் சான்று வேண்டும். சுங்கை சிப்புட்காரர்கள் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் வாங்குபவர், எந்நேரமும் ஆள் துணை தேவை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால், மாதம் 500 வெள்ளி பராமரிப்புப் படி பெறலாம். தோட்டத்தில் வேலை செய்தபோதே அந்த ஓய்வூதியம் கிடைத்தவர்கள் வீட்டில் பழைய கடிதங்களைத் தேடிப் பாருங்கள். 60 வயதுக்கு மேல் புதிதாக வந்த பக்கவாதத்துக்கு இது பொருந்தாது.

வருமான வரி கட்டும் பிள்ளைகள் பெற்றோரின் சிகிச்சை, பராமரிப்புச் செலவில் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம். பெற்றோரின் நிலையைப் பதிவு பெற்ற டாக்டர் எழுத்தில் உறுதி செய்திருக்க வேண்டும். கூலிக்கு வைத்த பராமரிப்பாளருக்குக் கொடுத்ததும் கணக்கில் வரும்; நீங்களோ உங்கள் மனைவியோ கணவரோ பிள்ளையோ பார்த்துக்கொண்டதாகச் சொல்லிக் கழிக்க முடியாது. பராமரிப்பாளர் கொடுத்த ரசீதோ எழுத்துச் சான்றோ, வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதியின் நகலோ கையில் இருக்கட்டும். அண்ணன் தம்பிகள் பணத்தைச் சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துக் கட்டும் வீடுகளில் ரசீது ஒரே பெயரில் வந்துவிடுகிறது. வருகை முடிந்ததும் அவரவர் தம் பங்கைத் தனித்தனியே கட்டித் தனி ரசீது கேட்டு வாங்குங்கள்.