இனிப்பை நிறுத்தினால் துறுதுறுப்பு அடங்குமா?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்து, அதற்கான மீதைல்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்து வருகிறோம். மதியச் சாப்பாட்டை அவன் தொடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் இனிப்புதான் காரணம் என்கிறார் என் மாமியார். பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்தால் அவனைப் பிடிக்க முடியாது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். இனிப்பு, பால், கோதுமை மூன்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்: இனிப்பைக் குறைப்பது பற்களுக்கு நல்லது, ஆனால் அது கவனக்குறைவுக்கு மருந்தாகாது. சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்பதே, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-இல் கண்ட முடிவு.

நீங்கள் கண்ணால் கண்டதோ எனில், அதற்கும் விளக்கம் உண்டு. 'இனிப்பு இவனுக்கு ஆகாது' என்று நம்பிய தாய்மார்களையும் அவர்களுடைய ஐந்து முதல் ஏழு வயது மகன்களையும் வைத்து 1994-இல் ஓர் ஆய்வு வெளியானது. சிறுவர்கள் எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத பானம் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மார்களிடம் மட்டும் நிறையச் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அவர்கள்தான் தம் மகன் அதிகம் ஆடுவதாகக் குறித்தார்கள். அவனை ஒட்டியே இருந்து அதிகம் குறையும் சொன்னார்கள். விழாவில் இனிப்போடு கூச்சலும் ஓட்டமும் தூக்கக் கேடும் சேர்ந்தே வருவதை மறந்துவிடுகிறோம்.

செயற்கை நிறமிகள் விஷயம் சற்று வேறு. இவை குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டலாம் என்று காட்டிய, 2007-இல் வெளியான இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வை அடுத்து, ஆறு நிறமிகள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் நடைமுறையில் உள்ளது. விளைவு சிறியதுதான், அவற்றைத் தவிர்ப்பதால் இழப்பும் இல்லை.

பாலையும் கோதுமையையும் நிறுத்துவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். மதியம் அவன் சாப்பிடாததற்குப் பெரும்பாலும் மாத்திரையே காரணம். பசியைக் குறைப்பது அதன் அறிந்த பக்கவிளைவு. இருக்கிற உணவையும் சுருக்கினால் எடையும் உயரமும்தான் அடிபடும். மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறு நிறையக் கொடுங்கள். மருந்தின் வேகம் தணியும் மாலையில் இன்னொரு முறை நன்றாகச் சாப்பிடட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரத்தையும் எடையையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏதோ ஓர் உணவின் மீது சந்தேகம் விடவில்லை என்றால், அவன் சாப்பிட்டதையும் தூங்கிய நேரத்தையும் நீங்கள் எழுதிவையுங்கள். அந்த நாட்களில் அவன் எப்படி இருந்தான் என்பதை, சாப்பிட்டது என்னவென்று அறியாத ஆசிரியர் குறிக்கட்டும். இரண்டையும் உணவியல் நிபுணரிடம் காட்டிய பிறகே எதையும் நிறுத்துவது முறை. யாராவது சொன்னார்கள் என்று இரும்புச்சத்து மருந்தையும் இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்காதீர்கள். அளவு மீறினால் குழந்தைகளுக்கு அது நஞ்சு.