மூன்று மாதக் கைக்குழந்தைக்கு அப்பா தினமும் என்னென்ன செய்யலாம்?

கேள்வி: பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன மனைவி, மகனுக்கு மூன்று மாதம் முடியும் நேரத்தில் திரும்பி வருகிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பையன் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறான். நான் வேலைக்குப் போய் மாலை ஏழுக்குள் வந்துவிடுவேன். அப்பாவாக என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்:

பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே செய்யலாம். ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை கொடுப்பேன் என்று இறங்காதீர்கள். "அந்தத் துண்டை எடுங்க, தண்ணியை விளாவி வையுங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அவருக்கு வேலை குறையவில்லை, உங்களை மேய்க்கும் வேலை கூடியிருக்கிறது. இரண்டு வேலைகளை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்: மாலைக் குளியல், இரவின் முதல் பாதி. எண்ணெய் தீரப்போவதைப் பார்த்து வாங்கி வைப்பது, துணி அலசிக் காயப்போடுவது எல்லாம் அதில் சேர்த்தி.

வேலைக்கு முன் விடுப்பு. நீங்கள் மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம், எடுக்காவிட்டால் காலாவதி. பலரும் அதைப் பிரசவ வாரத்திலேயே செலவழித்து, மாமியார் வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே தாங்க நாலு பேர் இருப்பார்கள். உங்கள் நிலைமையில் உண்மையான தேவை மனைவி திரும்பி வரும் முதல் இரண்டு வாரம்தான். தனியார் நிறுவனம் என்றால் இதற்குச் சட்டம் கிடையாது, நிறுவனத்தின் விதியைக் கேட்டுப் பாருங்கள்.

இனி குளியல். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். உடனே குளிப்பாட்டினால் கக்குவான். பசி வந்த பிறகு என்றால் கத்தித் தீர்ப்பான். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, துண்டு, டயபர், சட்டை மூன்றையும் போடும் வரிசையில் விரித்து வைத்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். வெந்நீர் மட்டும் இருக்கும் வாளியில் யாராவது தெரியாமல் சொம்பை விட்டுவிடலாம். சூடு 37, 38 டிகிரி போதும். விரலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, முழங்கையை முக்கிப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கை கால்களுக்கு மேலிருந்து கீழாக, வயிற்றில் வட்டமாக, பத்து நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி நிமோனியாவாகவே மாறும். மூக்கை ஊதிச் சளி எடுப்பது, பிள்ளையின் மார்புக் காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, தலையை அமுக்கி உருண்டை பிடிப்பது, இந்த மூன்றுக்கும் உங்கள் வீட்டில் இடம் வேண்டாம்.

பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும் முறை நல்ல முறைதான், இரண்டு கையும் சும்மா இருக்கும். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, கைலியை முழங்காலுக்கு மேல் மடித்து, கால்களைச் சேர்த்து நீட்டுங்கள். குழந்தையின் தலை உங்கள் பாதப் பக்கம், கால் உங்கள் வயிற்றுப் பக்கம். ஆண்கள் இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: எண்ணெய் பூசிய பிள்ளை காலில் நிற்காமல் வழுக்குவான். கால்கள் மேல் ஈரிழைத் துண்டு ஒன்றை நனைத்துப் போட்டுக்கொண்டால் பிடிமானம் கிடைக்கும். முகத்தை ஈரத் துணியால் துடைத்து, உடம்புக்கு ஊற்றி, தலைக்குக் கடைசியில் ஊற்றுங்கள். நெற்றியில் உள்ளங்கையைக் குடை போல வைத்துப் பின்பக்கமாக ஊற்றினால் கண்ணுக்குள் போகாது. மொத்தம் ஐந்து, ஏழு நிமிடம். கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் ஒற்றி எடுங்கள். வியர்க்குருவும் புண்ணும் ஈரம் தங்கும் அந்த இடங்களில்தான் வரும். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகும். சாம்பிராணிப் புகையும் அதே காரணத்துக்காக வேண்டாம். கண்மையில் காரீயம் இருக்கலாம், கண்ணுக்குள் கிருமியும் போகும். பாட்டி மனசு நோகாமல் இருக்க உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிடலாம்.

ஆண் குழந்தை என்பதால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆணுறுப்பின் முன்தோல் இந்த வயதில் ஒட்டித்தான் இருக்கும். 'சுத்தம் செய்கிறேன்' என்று பின்னால் தள்ளக் கூடாது; தள்ளினால் கிழிந்து, தழும்பாகி, பிறகு நிஜமாகவே திறக்காமல் போகலாம். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். சிறுநீர் போகும்போது நுனி பலூன் போல உப்பி, சொட்டுச் சொட்டாகப் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். விதைப்பையில் இரண்டு விதைகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வெந்நீர்க் குளியலே நல்ல நேரம், குளிரில் அவை மேலே ஏறிக்கொள்ளும். ஒன்று தட்டுப்படவே இல்லை என்றால் அடுத்த தடுப்பூசி நாளில் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் தானாக இறங்காவிட்டால் அறுவை சிகிச்சை செய்வார்கள். அதை ஒன்றரை வயதுக்குள் முடிப்பது நல்லது. அழும்போது தொடையிடுக்கில் வீக்கம் வந்து போனால் குடலிறக்கமாக இருக்கலாம். அந்த வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல், பிள்ளையும் கதறினால் உடனே மருத்துவமனை.

டயபர் மாட்டும்போது உறுப்பைக் கீழ்நோக்கி வைத்து ஒட்டுங்கள். மேல்நோக்கி இருந்தால் இடுப்புப் பட்டி வழியாக வழிந்து சட்டை, மெத்தை எல்லாம் நனையும். கழற்றியவுடன் காற்றுப் பட்டதும் பீய்ச்சியடிப்பான், ஒரு துணியை மேலே போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே. பகலில் துணி, இரவில் டயபர் என்பது செலவுக்கும் தோலுக்கும் நல்ல ஏற்பாடு. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தால் அருமையான துணி கிடைக்கும். மழைக்காலத்தையும் சமாளிக்க இருபத்தைந்து துண்டாவது தேவை. அலசும் நீரில் வாசனை திரவம் எதுவும் சேர்க்காதீர்கள். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் நனைத்தால் பால் போதுகிறது என்று பொருள். "பால் பத்தலையோ?" என்று யார் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இரவு. மனைவி எட்டரை ஒன்பதுக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுக்கட்டும். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பிள்ளை உங்கள் பொறுப்பு. இடையில் எழுந்தால், பிழிந்து வைத்த தாய்ப்பால் ஒரு வேளைக்கு 60 முதல் 120 மில்லி ஆகும். பிழிந்த பால் 25 டிகிரி வரையான அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கணக்கு செல்லாது, பிழிந்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைத்தால் 4 நாள் வரை இருக்கும். மேலே ஆடை பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்தால் போதும். புட்டியைவிடப் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) மேல்: கழுவ எளிது, பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் சுத்தம், மார்பில் குடிக்கும் பழக்கமும் குழம்பாது. பிள்ளையைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, அவன் நக்கி உறிஞ்சும் வேகத்துக்குச் சாயுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தொண்டையில் ஊற்றினால் புரையேறும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள். (கொட்டும்போது வயிறு எரியும். அதற்காகத்தான் 60 மில்லியாகப் பிரித்து வைப்பது.)

ஒரு மணிக்குப் பிறகு மனைவியின் முறை. அதற்கு அப்புறமும் நீங்கள் எழ முடிந்தால், முதலில் டயபர் மாற்றி, பிறகு பிள்ளையை அவரிடம் கொடுங்கள். பால் குடித்துக் கண் செருகியவனை மறுபடி கழற்றி மாட்டினால் முழித்துக்கொள்வான். ஜீரோ வாட் விளக்கு போதும், பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஏப்பத்துக்குத் தோளில் போட்டுத் தட்டுவதைவிட, மடியில் உட்கார வைத்து ஒரு கையால் தாடையைத் தாங்கி, மறு கையால் முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுவது சுலபம். பத்து நிமிடத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தயிர் போலக் கொஞ்சம் கக்குவது சகஜம். பீய்ச்சியடித்த வாந்தியும் பச்சை நிற வாந்தியும் சகஜம் அல்ல, உடனே காட்ட வேண்டியவை.

படுக்கை தட்டையாக, கெட்டியாக இருக்கட்டும், மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கடுகுத் தலையணை, கம்பளி, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. தூளி இல்லாமல் நம் வீடுகளில் நடக்காது என்று தெரியும், அதனால் கட்டும் விதத்தைச் சொல்கிறேன். பகலில், முழித்திருக்கும் ஒருவர் கண் முன்னால் மட்டும். கனமான பருத்திப் புடவையே சரி. வழுவழுப்பான புடவையில் முடிச்சு நழுவும். கொக்கியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்த பிறகே பிள்ளையைப் போடுங்கள். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் வேண்டாம், கீழே பாயை மடித்துப் போடுங்கள். தொட்டில் கம்பு கொடுத்துப் புடவையை அகட்டி வைத்தால் முகத்தில் துணி மூடாது. தூளியின் பெரிய ஆபத்து விழுவது அல்ல. உடம்பு வளைந்து மோவாய் மார்பில் புதைந்தால் சத்தமே இல்லாமல் மூச்சு அடைபடும். மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குப்புற விழ ஆரம்பித்துவிட்டால், நாலு ஐந்து மாதத்தில், தூளியை அவிழ்த்துவிடுங்கள். மேலும் கீழும் குதிக்கும் ஸ்பிரிங் தொட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அழுகை நிற்காவிட்டால் பசி, ஈரம், வெக்கை மூன்றையும் பார்த்த பிறகு, உடுப்பைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். பிரசவமான மூன்று நான்கு மாதத்தில் தாய்க்கு முடி கொட்டும் காலம் தொடங்கும். அந்த முடி ஒன்று பிள்ளையின் கால்விரலிலோ ஆணுறுப்பிலோ சுற்றி இறுகினால் விரல் வீங்கிச் சிவக்கும், அழுகைக்குக் காரணமே தெரியாது. முடி கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். வீக்கத்தில் புதைந்திருந்தால் மருத்துவமனை. வயிற்று உப்புசம் என்றால் முழங்கையில் தலையும் உள்ளங்கையில் தொடையும் வரும்படி முன்கையில் குப்புறப் போட்டு நடந்தால் பல பிள்ளைகள் அடங்கும். 'உரம் விழுந்திருக்கும்', அதாவது சுளுக்கு பிடித்திருக்கும், என்று யாராவது புடவையில் போட்டு உருட்டக் கூப்பிட்டால் போகாதீர்கள். பொறுமை போனால் பிள்ளையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. கொடுக்க வேண்டியது வைட்டமின் டி சொட்டு, தினம் 400 அலகு. ஒரு மில்லியில் 400 அலகு உள்ள மருந்தும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. அட்டையைப் படித்து அளவிடுங்கள். இதை உங்கள் மாலைக் குளியலோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

கடைசியாக, வரும் வாரங்களிலேயே 14ஆம் வாரத் தடுப்பூசி இருக்கிறது. மனைவியின் ஊரில் போட்ட தாய் சேய் அட்டை இல்லாமல் பேருந்து ஏறாதீர்கள். அதிலுள்ள எண்ணைக் காட்டினால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடர்ந்து போடுவார்கள், பெரும்பாலும் புதன்கிழமை. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் இருந்தால் அதற்குப் போக வேண்டியது பிள்ளை பிறந்த ஊரின் அலுவலகம். ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லை. தடுப்பூசிக்கு ஆட்டோவில் போங்கள், இருசக்கர வண்டி இந்த வயதுக்கு இல்லை. அன்றிரவு காய்ச்சல் வரலாம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 6 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 90. இதில் நடக்கும் தவறு மருந்தின் அடர்த்தியில்: சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் பல மடங்கு ஏறிவிடும். அதனால் எந்தப் புட்டி, எத்தனை மில்லி என்று ஊசி போடும் இடத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெயோ மஞ்சளோ தடவ வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே இழுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.