வாசகர் கேள்விகள்: வாரத்தில் இரண்டு நாள் வீட்டில், மிச்சம் எங்கே?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். ஊழியர்கள் 64 பேர். அவிநாசி சாலையில் 6,000 சதுர அடி அலுவலகம். சதுர அடிக்கு மாதம் 45 ரூபாய் வாடகை. வாடகை ஒப்பந்தம் வரும் ஜூனில் முடிகிறது. ஐந்து வேலைநாளில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணி செய்யும் ஹைப்ரிட் முறைக்கு மாறினால் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அவ்வளவு மிச்சமாகுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மைத்துனர் சராசரியைக் கணக்கிட்டிருக்கிறார், ஆனால் அலுவலகத்துக்கு வாடகை கொடுப்பது கூட்டம் மிகுந்த நாளுக்காக. எந்த இரண்டு நாள் என்பதை ஊழியர்களின் விருப்பத்துக்கு விட்டால், பெரும்பாலோர் திங்களையும் வெள்ளியையும் வீட்டுக்கு ஒதுக்கிக்கொள்வார்கள். புதன்கிழமை கிட்டத்தட்ட 64 பேரும் வந்து நிற்பார்கள். நாற்காலிகளைக் குறைத்துவிட்டு, யார் எந்த நாள் வருவது என்று பட்டியல் போட மறந்த ஓர் அலுவலகத்துக்கு அப்படியொரு புதன்கிழமை சென்றிருந்தேன். சாப்பாட்டு அறையில், டிபன் பாக்ஸ்களை ஒதுக்கிவிட்டு ஐந்தாறு பேர் மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலாளர் வாடிக்கையாளருடன் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

இதில் உலகமே எடுத்துக்காட்டும் நிறுவனம் ஷாங்காயில் இயங்கும் பயண நிறுவனமான ட்ரிப்.காம். அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லியாங், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமுடன் சேர்ந்து, ஊழியர்களைப் பிறந்த தேதியை வைத்து இரு பிரிவாக்கி இரண்டு முறை சோதனை நடத்தினார். இரண்டிலும் பணம் மிஞ்சியது. ஆனால் மிஞ்சிய இடம் வெவ்வேறு என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

முதல் சோதனை 2010இல் தொடங்கி ஒன்பது மாதம் நடந்தது. அப்போது நிறுவனத்தின் பெயர் சிட்ரிப். முன்வந்த 249 கால் சென்டர் ஊழியர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும் ஒரு நாள் அலுவலகத்திலும் பணி செய்தார்கள். செய்துமுடித்த வேலை 13 சதவீதம் கூடியது; வேலையை விட்டுப் போவோர் பாதியாகக் குறைந்தனர். ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் மிச்சம் என நிறுவனம் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி இடச் செலவிலிருந்து வந்தது.

2021–22இல் 1,612 ஊழியர்களிடம் ஆறு மாதம் நடந்த இரண்டாம் சோதனையில், ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து பணி செய்தார்கள். எல்லாருக்கும் அதே இரண்டு நாள் என்று வைத்தால் மற்ற மூன்று நாளும் அலுவலகம் நிறைந்துதான் இருக்கும். வாடகையில் ஒரு காசும் குறைய வழியில்லை. ஆனால் வேலையை விட்டவர்கள் 7.2 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாக, அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வேறுபாடு தென்படவில்லை என்று 2024இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவிக்கிறது. உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் சரியும் என்று தொடக்கத்தில் எண்ணிய மேலாளர்களே, முடிவில் ஒரு சதவீதம் கூடியிருப்பதாக மதிப்பிட்டார்கள்.

ஆக, வாடகை மிச்சமாக வேண்டுமானால் ஊழியர்கள் வெவ்வேறு நாளில் வர வேண்டும். கூடி வேலை செய்ய வேண்டுமானால் ஒரே நாளில் வர வேண்டும். உங்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் பார்க்கும் குழு முழுவதும் ஒரே நாட்களில் வரட்டும்; குழுவுக்குக் குழு நாட்கள் மாறட்டும். அப்படி முறை வைத்தால் நாளொன்றுக்கு 38, 39 பேர் வருவார்கள். பயிற்சிக்கும் தணிக்கைக்கும் சேர்த்து 45 இருக்கை வைத்துக்கொண்டால் 4,300 சதுர அடி போதும். மைத்துனர் சொன்ன பாதி கிட்டாது. கால் பங்குக்குச் சற்று மேல் கிட்டும்.

விட்டுக்கொடுக்கும் 1,700 சதுர அடிக்கு மாதம் 76,500 ரூபாய், ஆண்டுக்கு 9.18 லட்சம் மிச்சம். வாடகையின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை இதில் சேர்க்க வேண்டாம். அது உள்ளீட்டு வரியாக, அதாவது தொழிலுக்காகக் கட்டிய வரி என்ற கணக்கில், உங்களுக்குத் திரும்பி வருவதுதான். ஆண்டுக்குப் பதினைந்து பேர் விலகுகிறார்கள், சராசரிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போனால் ஆள் தேடித் தருபவருக்கு ஒரு மாதச் சம்பளம், புதியவர் முதல் மூன்று மாதம் பாதி வேலை செய்வதால் 60,000, சொல்லிக்கொடுக்கும் மூத்தவரின் நேரம் 20,000 என 1.2 லட்சம் கரைகிறது. ஷாங்காய் அளவுக்கு எதிர்பார்க்காமல் மூன்று பேர் தங்கினாலே 3.6 லட்சம்; வாடகை மிச்சத்தோடு சேர்த்தால் 12.78 லட்சம்.

இனிக் கழிக்க வேண்டியவை. வீட்டு இணையத்துக்கு ஆளுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 3.84 லட்சம். மேசைக் கணினியில் இன்னும் 24 பேர் இருந்தால், 45,000 ரூபாய் வீதம் மடிக்கணினிக்கு 10.8 லட்சம், நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 2.7 லட்சம். மிஞ்சுவது 6.24 லட்சம். தாளில் பார்த்த 12.78 லட்சத்தில் இது பாதிதான் என்றாலும் 64 பேர் நிறுவனத்துக்கு நல்ல தொகையே. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதில் 7.65 லட்சம் கைக்குத் திரும்பும்; மடிக்கணினிச் செலவில் பெரும்பகுதியை அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் கட்டட உரிமையாளர் ஒரு பகுதியை மட்டும் திரும்பப் பெறச் சம்மதித்தால்தான். இடையில் எழுப்பும் தடுப்புச் சுவரும் தனி மின் இணைப்பும் யார் செலவு என்பதைப் புதிய ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஜூன் வரை காத்திராமல் இப்போதே மூன்று மாதம் முறைப்பட்டியலை நடத்திப் பார்த்து, எந்த நாளில் எத்தனை இருக்கை காலியாக இருந்தது என்று தினமும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடு கையில் இல்லாமல் உரிமையாளரிடம் பேசப் போக வேண்டாம்.

கேள்வி: வீட்டிலிருந்து பணி செய்யும் நாட்களில் ஊழியருக்குப் பெட்ரோல் செலவு மிச்சம்தானே? அதற்கு ஈடாகச் சம்பளத்தில் கொஞ்சம் குறைத்தால் தவறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தவறு என்பதைவிட, நட்டம். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வீட்டிலிருந்து பணி செய்யும் வசதியை அமெரிக்க ஊழியர்கள் சுமார் 8 சதவீதச் சம்பள உயர்வுக்கு இணையாக மதிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் அந்த எண் வேறாக இருக்கலாம். ஆனால் கல்லாவிலிருந்து பணம் எடுக்காமலே கொடுக்கும் ஊதிய உயர்வு இது என்பது இங்கும் பொருந்தும். அதை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கினால், விலகல் குறைவதால் வரும் ஆதாயம் முதலில் போய்விடும்.

கேள்வி: மழை வெள்ளத்தில் அலுவலகம் முடங்கினாலும் வேலை நிற்காது என்பதையும் லாபக் கணக்கில் சேர்க்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பாதி சேர்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பகுதியிலும் பள்ளிக்கரணையிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கே மடிக்கணினி இருந்தும் பயனில்லை. ஒரே வாடிக்கையாளரைக் கவனிப்பவர்கள் அனைவரும் ஒரே தாழ்வான பகுதியில் குடியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால், அந்தக் குழுவில் ஓரிருவராவது திருச்சி போன்ற வேறு ஊரில் இருப்பவர்களாகச் சேர்த்துவிட்டுப் பிறகு கணக்கில் எழுதுங்கள்.