பீரோவுக்குள் 'மற்றும் பலர்'

கேள்வி: வியாசர்பாடியில் 1999-ல் ஏழு பேர் சேர்ந்து, பையன்களுக்காக ஒரு கால்பந்து கிளப் தொடங்கிப் பதிவு செய்தோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. இப்போது கமிட்டியில் இருக்கும் இளைஞர்கள் 25-ஆம் ஆண்டு மலர் போடுகிறார்கள். ப்ரூஃப் பார்த்தேன். கிளப் வரலாறு என்று இரண்டு பக்கம். அதில் நான் 'மற்றும் பலர்' என்பதற்குள் போய்விட்டேன். வரவு செலவு நோட்டு முழுக்க நான் எழுதியது, இன்றும் என் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இந்த நன்றிகெட்டவர்களோடு இனி பேச்சே வேண்டாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
– பெயர் வேண்டாம், சென்னை-39

பதில்: சரியில்லை. மலர், கல்யாணப் பத்திரிகை, கல்வெட்டு என்று பெயர் விட்டுப்போன வருத்தத்தில் எனக்கு வராத கடிதம் இல்லை. அது இருக்கட்டும். அந்த நோட்டு ஏன் ஐயா உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது?

1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதியக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் ஏழு பேரைப் பிடித்திருப்பீர்கள். அதே சட்டம் வருஷா வருஷம் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைக்கவும் சொல்கிறது. எழுதிய கை உங்களுடையது என்பதால் நோட்டும் உங்களுடையது ஆகிவிடாது. சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு இறக்காத மாமியார்கள், மருமகளுக்குப் பொறுப்பில்லை என்று எனக்கு வாரம் தவறாமல் எழுதுகிறார்கள். உங்கள் கடிதத்தையும் அந்தக் கடிதக் கட்டோடுதான் சேர்த்திருக்கிறேன்.

மலர் போடும் பையன்களில் பாதிப் பேர் 1999-ல் பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் என்ன இருந்திருக்கும்? நாலு கோப்பை, ரெண்டு குரூப் போட்டோ, டீக்கடையில் கேட்ட கதை. அதை வைத்து இரண்டு பக்கம் எழுதியதே பெரிது.

உங்கள் நோட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அது மாதிரி நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். நாலாம் நம்பர் பந்து எந்த வருஷம் வாங்கினார்கள் என்று பார்த்தால், எட்டு பத்து வயசுப் பொடியன்கள் வரத் தொடங்கிய வருஷம் தெரிந்துவிடும். பெரிய பையன்களுக்கு அஞ்சாம் நம்பர். 'பந்து தையல்' என்று வரிசையாக வந்தால் அது புதுப் பந்துக்கு வழியில்லாத வருஷம். 'பரீட்சை ஃபீஸ்' என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும், பந்து விளையாடும் கிளப் யாருக்காக அதைக் கட்டியது என்று. உங்கள் பேட்டைக்கு அது புதிதும் இல்லை. 1997-ல் உமாபதியும் தங்கராஜும் வியாசர்பாடிப் பிள்ளைகளைக் கால்பந்துக்குத் திரட்டியபோதும் பந்தும் படிப்பும் சேர்ந்துதான் வந்தன.

2018-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி.யில் ஆடிய தனபால் கணேஷ் உங்கள் ஏரியாக்காரர். அந்த மாதிரி ஆட்களை யாரும் மறக்கப்போவதில்லை. மாசம் இருபது ரூபாய் கொடுத்த இட்லிக்கடை அம்மா? காசு வாங்காமல் ஜெர்சிக்கு நம்பர் ஒட்டியவர்? அப்படிப்பட்டவர்கள் பெயர் வேறு எங்கேயும் இருக்காது, உங்கள் நோட்டைத் தவிர. உங்களை 'மற்றும் பலர்' ஆக்கிவிட்டார்கள் என்று கோபப்படுகிறீர்கள். 25 வருஷமாக நீங்கள் எத்தனை பேரை அந்த பீரோவுக்குள் 'மற்றும் பலர்' ஆக்கி வைத்திருக்கிறீர்கள்?

நான் கொஞ்சம் பழைய ஆள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்ததைக் கடமை என்று நினைப்பவன். கடமைக்கு நன்றி வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வராவிட்டால் வசூலுக்குப் போகக் கூடாது. ஆனால் கணக்கு அப்படி இல்லை. அதைத் தலைமுறை மாறும்போது ஒப்படைத்தே ஆக வேண்டும். அப்பா மகனுக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

மலர் அச்சுக்குப் போவதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போங்கள். மை மங்கியிருக்கும், கூடவே உட்கார்ந்து நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். ஒரு ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, அசலைச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கணக்கு எழுதியவருக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.