செவ்வாய் இடித்தது, வியாழன் உடைந்தது: இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம்

கேள்வி (சுருக்கப்பட்டது): கணவர் காலமான பிறகு அவருடைய 18 அடி பைபர் படகு என் பெயரில் இருக்கிறது. தம்பிதான் ஓட்டுகிறான். போன மாதம் ஒரு செவ்வாய் இரவு, மண்டைதீவுக்கும் வேலணைக்கும் இடையில் தண்ணீருக்குள் நின்ற இரும்புக் குழாயில் படகு இடித்துவிட்டது. யாரோ கைவிட்டுப்போன கடலட்டைப் பண்ணையின் குழாய். தம்பி டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். புரொப்பலரின் ஒரு இதழ் வளைந்திருந்ததாம். சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிட்டு, எனக்கு ஒன்றும் சொல்லாமல் புதன்கிழமையும் தொழிலுக்குப் போய்விட்டான். வியாழன் விடிய நடுக்கடலில் எஞ்சின் கறகறவென்று சத்தம் போட்டு நின்றது. பின்பக்கத்தால் தண்ணீர் ஏறி, வேறு படகு வந்து இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தது. அப்போதுதான் எனக்கே தெரியும். 'சேதம் தெரிந்தும் ஓட்டினீர்கள்' என்று காப்புறுதிக் கொம்பனி கடிதம் அனுப்பிவிட்டது. பண்ணைக்காரர் 'அது என்னுடைய குழாய் என்று யார் சொன்னது?' என்கிறார். வியாழன்தான் இடித்தது என்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரிவரும் என்று மெக்கானிக் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

மெக்கானிக் சொன்னதை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அவர் எஞ்சின் திருத்தட்டும், சத்தியக்கடதாசி திருத்த வேண்டாம். செவ்வாய் இரவே தம்பி யாருக்காவது போன் எடுத்திருப்பார், துறையில் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். வியாழன் என்று எழுதிக் கொடுத்த அன்றே உங்கள் வழக்கு முடிந்துவிடும். காப்புறுதி ஒப்பந்தம் முழு நன்னம்பிக்கையின் மேல் நிற்பது. ஒரு பொய்த் திகதி அகப்பட்டால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய பகுதியும் சேர்ந்து போகும்.

சரி, உண்மையை வைத்துக்கொண்டே பார்ப்போம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் படகுக்கு ஒரு சேதம் வந்ததுபோல இருக்கிறது. சட்டத்தில் அது இரண்டு. குழாயில் இடித்ததால் நேரே வந்தது செவ்வாய்ச் சேதம். இடிபட்ட படகை ஓட்டியதால் வந்தது வியாழன் சேதம். பண்ணைக்காரரும் கொம்பனியும் இரண்டையும் ஒன்றாய்க் குழைத்து முழுவதையும் மறுக்கப் பார்ப்பார்கள். நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டும்.

எப்படிப் பிரிப்பது? எஞ்சின் இன்னும் மெக்கானிக்கின் கொட்டிலில் திறந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடைய அதிர்ஷ்டம். கீழ்ப்பகுதியிலுள்ள கியர் எண்ணெய் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்கி, அந்த எண்ணெயோடு சில மணித்தியாலமாவது எஞ்சின் ஓடியிருக்கிறது. குழாயில் பட்ட அடியில் புரொப்பலர் தண்டு வளைந்து, அதனால் சீல் விட்டது என்றால் சீலும் தண்டும் செவ்வாய்க் கணக்கு. பல்லுச் சில்லுகள் அரைபட்டது வியாழன் கணக்கு. பின்பலகையில் எஞ்சின் பூட்டும் ஆணித் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கும். அதன் ஓரம் கூராக, புதிதாக இருக்கிறதா, அல்லது உள்ளே பாசியும் அழுக்கும் படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வெடிப்பு என்றால் கொம்பனி 'வழமையான தேய்மானம்' என்று வாதாடும். அடிப்பாகத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியால் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால், பைபர் அடுக்கு உள்ளே விட்டுப்போன இடத்தில் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். வெளியில் மயிரிழைக் கீறல் மட்டும்தான் தெரியும், உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு விட்டிருக்கும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டுப் படம் எடுங்கள்.

இதையெல்லாம் மெக்கானிக் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்: என்ன பார்த்தார், எது எதனால் வந்தது என்று நினைக்கிறார், எதற்கு எவ்வளவு செலவு. இரண்டு கணக்கும் தனித்தனியாக. பழுதான பாகம் ஒன்றையும் இரும்புக்கடைக்குக் கொடுக்க வேண்டாம். வளைந்து, தட்டி நிமிர்த்திய அந்தப் புரொப்பலர் உட்பட.

தம்பி செய்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபத்தில் அல்ல, நாளைக்கும் அவர் அதே கடலில்தான் ஓடப்போகிறார். இடித்தவுடன் வேகத்தைக் குறைத்து, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு, எஞ்சின் அதிர்கிறதா, குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீச்சுகிறதா என்று கவனித்துக்கொண்டு கரைக்கு வந்திருந்தால் சரி. அவ்வளவையும் அவர் செய்திருக்கக்கூடும், கேட்டு எழுதுங்கள். பிழை நடந்தது மறுநாள். படகைக் கரையில் ஏற்றாமல், கியர் எண்ணெய் பார்க்காமல் இறக்கியது. தனக்கு வந்த நட்டத்தை மேலும் பெருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நட்டஈடு கேட்பவரின் பொறுப்பு. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்திலும் இது உண்டு, காப்புறுதிச் சட்டத்திலும் உண்டு.

இப்போது காப்புறுதி. பலர் எண்ணுவதைவிட உங்கள் நிலை இதில் நல்லது. கடல்சார் விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தேசவழமை என்று சொந்த வழக்கச் சட்டம் உள்ள யாழ்ப்பாணத்தில் படகுக் காப்புறுதிக்கு இங்கிலாந்தின் 1906 கடல் காப்புறுதிச் சட்டத்தைத் தேடுவது வேடிக்கைதான், ஆனாலும் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்த 1906 சட்டத்தில் இரண்டு இடம் உங்களுக்கு வேண்டும்.

ஒன்று, 39ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. கால எல்லைக்கு எடுத்த காப்புறுதியில், ஓடத் தகுதியில்லாத நிலையில் படகு கடலுக்கு அனுப்பப்பட்டதைக் *காப்புறுதி எடுத்தவர் அறிந்திருந்தால்*, அந்தத் தகுதியின்மையால் வந்த நட்டத்துக்குக் கொம்பனி பொறுப்பல்ல. இங்கே காப்புறுதி எடுத்தவர் நீங்கள், தம்பி அல்ல. உங்களுக்கு வியாழன்தான் தெரியும். கொம்பனியின் கடிதம் 'தெரிந்தும் ஓட்டினீர்கள்' என்கிறது, யாருக்குத் தெரிந்து என்று சொல்லவில்லை. பதிலில் முதல் வரியாக இதைக் கேளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: சந்தேகம் இருந்தும் வேண்டுமென்றே கேட்காமல் கண்ணை மூடிக்கொள்வதும் அறிந்ததாகவே கொள்ளப்படும். புதன்கிழமை புரொப்பலரைப் பார்த்துவிட்டு 'என்னடா இது' என்று கேட்டு, பதில் வராமல் விட்டிருந்தால், அதை உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு, 55ஆம் பிரிவு. காப்புறுதி செய்த ஆபத்தால் நட்டம் வந்திருந்தால், படகோட்டியின் கவனக்குறைவு இல்லாவிட்டால் அது வந்திராது என்பதற்காக மட்டும் கொம்பனி தப்ப முடியாது. தம்பியின் கவலையீனம் தன்பாட்டில் உங்கள் கோரிக்கையை அழிக்காது. ஆனால் இந்தப் பாதுகாப்பைப் பத்திரத்தின் நிபந்தனை குறைத்திருக்கலாம். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், யார் ஓட்டலாம், வழக்குப் போட அவர்களே குறுகிய கால எல்லை வைத்திருக்கிறார்களா என்று பொடி எழுத்தையெல்லாம் வாசியுங்கள். கடற்றொழில் திணைக்களப் பதிவும் தொழில் அனுமதிப்பத்திரமும் நடப்பில் இருக்கின்றனவா, கணவர் பெயரிலிருந்து மாற்றியது காப்புறுதிப் பத்திரத்திலும் வந்ததா என்றும் பாருங்கள். பெயர் மாறாமல் இருந்தால் உங்களுக்கு அதுதான் பெரிய தலையிடி. கொம்பனி எழுத்தில் மீண்டும் மறுத்தால், வழக்குக்கு முன், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

பண்ணைக்காரர் பக்கம் வேறு கதை. அவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. ஆகவே கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் அக்கிலியன் வழக்கு. ஆபத்தைத் தண்ணீருக்குள் நாட்டியவர், தொழிலைக் கைவிட்டாலும் ஆபத்தைக் கைவிட்டுப் போக முடியாது. குழாயைப் பிடுங்கியிருக்க வேண்டும், குறைந்தது மிதவையாவது கட்டியிருக்க வேண்டும். ஆழமில்லாத கடல்நீரேரியில், பெருக்கு நேரம் ஒரு சாண் தண்ணீருக்குள் மறைந்து நிற்கும் இரும்பு என்ன செய்யும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரிந்ததுதான்.

இங்கே அதே தம்பியின் கவலையீனம் உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. உங்கள் வேலைக்காக ஓடியதால் அவருடைய பிழை உங்கள் கணக்கில் ஏறும். வெளிச்சமில்லாமல் வேகமாக ஓடினாரா, அந்த இடத்தில் குழாய் நிற்பது முன்பே தெரியுமா என்று கேட்பார்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் பக்கப் பிழைக்கு ஏற்ப நட்டஈடு குறையும், முழுவதும் போகாது. வியாழன் சேதத்தைப் பண்ணைக்காரர் தலையில் முழுதாகக் கட்டுவது கடினம். முயலலாம், நம்பியிருக்க வேண்டாம். செவ்வாய்ச் சேதமும், அதைத் திருத்த நியாயமாக எடுக்கும் நாட்களின் உழைப்பு இழப்பும் கேட்கலாம். உழைப்பைக் காட்டச் சங்கத்தின் மீன் கொள்வனவுத் துண்டுகள் போதும். மூன்று மாதத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

'என்னுடைய குழாய் என்று யார் சொன்னது' என்பதற்கு விடை கடலிலேயே நிற்கிறது. வற்று நேரத்தில், பகலில், கடற்றொழில் பரிசோதகரையும் உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். போனில் இடக்குறியைப் பதியுங்கள். குழாயில் உங்கள் படகின் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். சுற்றிவர அதே உயரத்தில், அதே இடைவெளியில் வேறு குழாய்கள் இருக்கும், வலைத் துண்டு தொங்கும். அவற்றையும் எடுங்கள். கோபத்தில் ஒன்றையும் பிடுங்க வேண்டாம். மற்றப் படகுகள் இடிக்காமல் ஒரு சிவப்பு மிதவை மட்டும் கட்டிவிட்டு வாருங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த இடக்குறியில் நீருயிரின வளர்ப்பு அனுமதி யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது, முடிந்ததும் அடைப்பை அகற்ற நிபந்தனை இருந்ததா என்று நக்டாவிடம் (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அனுமதியே இல்லை என்று பதில் வந்தால், அதுவும் உங்களுக்கு நல்ல பதில்தான்.

பொலிசில் இதுவரை முறைப்பாடு போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிந்தினாலும் போடுங்கள். ஏன் பிந்தியது என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். குழாய்களை அகற்றுவிக்கத் தனி வழி இருக்கிறது: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுமக்கள் பாவிக்கும் நீர்வழியிலுள்ள தடையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். இதைச் சங்கமே முன்னின்று செய்வது நல்லது. தனியாக ஒரு பெண் பண்ணைக்காரரோடு மோதுகிறாள் என்ற பேச்சு வராது, அந்த வழியால் ஓடுகிற எல்லாருடைய முறைப்பாடாகவும் அது இருக்கும்.

பண்ணைக்காரருக்குக் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் இருந்தால், சபைக்குப் போய் இணங்காத சான்றிதழ் எடுக்காமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. சபையில் அவர் இறங்கிவர நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அனுமதிப் பேச்சு வெளியே வருவதை அவர் விரும்பமாட்டார். கால எல்லையை மட்டும் மறக்க வேண்டாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய நட்ட வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த இரண்டு வருடம் செவ்வாய் இரவிலிருந்து ஓடுகிறது.

கடைசியாக, எஞ்சினைத் திருத்தி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம், குடும்பம் சாப்பிட வேண்டும். ஆனால் அதற்கு முன் கொம்பனிக்கும் பண்ணைக்காரருக்கும் 'இந்தத் திகதிவரை எஞ்சின் இன்ன இடத்தில் இருக்கும், ஆள் அனுப்பிப் பார்க்கலாம்' என்று எழுதி, ஒரு வாரம் தவணை கொடுங்கள். வராவிட்டால் அது அவர்கள் பாடு. அந்த ஒரு வாரமும் மெக்கானிக் கியர் எண்ணெயை ஊற்றிவிடாமல், ஒரு கண்ணாடிப் போத்தலில் அடைத்து, மேலே திகதி எழுதி ஒட்டி வைக்கட்டும்.